கதவு திறக்கும் நேரம்

பல்லடம் வட்டாரத்துக்குக் களப்பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களை நான் முதல் நாள் ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப் போவதில்லை. விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளுக்குத்தான் போவோம். நான் டாக்டர் இல்லை, ஹெல்த் இன்ஸ்பெக்டர். உங்கள் சமுதாய மருத்துவப் பாடநூலான பார்க் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவனும் இல்லை. ஆனால் அதில் வரும் விகிதங்களில் கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்ணை எங்கே போய் எடுப்பது என்று தெரியும். கோட்டுக்கு மேலே உள்ள எண் பெரும்பாலும் தானே நம்மிடம் வந்துவிடும். காய்ச்சல்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். அவர் எத்தனை பேரில் ஒருவர் என்பதை மட்டும் நாம்தான் நடந்து போய் எண்ணிவர வேண்டும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் பெரியம்மை ஒழிப்புக் காலத்தில் தடுப்பூசி போடுபவராகச் சேர்ந்தவர். இருமுனை ஊசியால் ஒரே இடத்தில் 15 குத்து, ரத்தம் லேசாகத் துளிர்க்கும் அளவுக்கு. நான் சேர்ந்தபோது அந்த நோய் போய்விட்டது. அந்தக் கையின் நிதானம் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. குடும்பக் கணக்கு எடுக்கும்போது அவர் கதவை எண்ணமாட்டார், அடுப்பை எண்ணுவார். "ஒரு கதவுக்குள்ள ரெண்டு அடுப்பு எரிஞ்சா அது ரெண்டு குடும்பம் தம்பி" என்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் சேர்ந்து தங்கும் அறைகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பொங்குவது ஒரே அடுப்பில். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினாலும் தப்பு, பாதிப்பேர் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். கழுவிக் கவிழ்த்திருக்கும் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். தட்டு பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றுதான்.

டெங்குக்குப் புழு பார்ப்பதை மாணவர்கள் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். தொட்டி மேல் குனிந்து பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நிழல் விழுந்தவுடனே ஏடிஸ் புழு நெளிந்து அடிக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக நின்று, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பேசாமல் நில்லுங்கள். மூச்சுக் குழாயை நீர்மட்டத்தில் ஒட்ட வைத்துத் தலைகீழாகத் தொங்க அது மேலே வந்தே தீரும். தொட்டியைப் பார்த்த பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, வெளியே போட்ட ஆட்டுக்கல், டயர், மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா. கோழிப்பண்ணையாக இருந்தால் ஷெட்டுக்கு வெளியே ஓரமாக நிற்கும் டிரம்களை விடாதீர்கள். கறிக்கோழிக்குப் பேர்போன ஊர் இது. பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கும் குடும்பங்கள் ஊர்க் கணக்கில் ஏறாமலே போவதுண்டு.

ஒரு வீட்டில் அந்த அம்மா கோபமாகச் சொன்னார்: "ஏனுங்க சார், நேத்துத்தான் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவுனேன். மறுக்காப் புழுவுன்னா நான் என்ன பண்றது?" கூட வந்த பயிற்சி டாக்டர், அவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். பொய் இல்லை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். தேங்காய் நாரை எடுத்து அந்தக் கோட்டை அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். பொடிப்பொடியாகக் கருப்பாக வந்ததை அந்த அம்மாவும் பார்த்தார், டாக்டரும் பார்த்தார்.

குழாயில் நாள் தள்ளித் தண்ணீர் வரும் தெருவில் "கொட்டிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் அந்தக் கதவு திறக்காது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தண்ணீரைக் குடங்களில் எடுத்துவைத்து, தொட்டியை நார் போட்டுத் தேய்த்து, வடித்த தண்ணீரையே திரும்ப ஊற்றச் சொல்ல வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. அதனால் வாரம் ஒரு தேய்ப்பு. சமுதாய மருத்துவம் என்று நீங்கள் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதில் பாதி இந்த வேட்டித் துணிக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறகு கணக்கு. ஒரு மாணவி 100 வீட்டுக்குப் போனார், 40 பூட்டியிருந்தன, ஆறில் புழு. பார்த்த நூறு வீட்டுக்கு எத்தனை வீட்டில் புழு என்பதுதான் வீட்டுக் குறியீடு; அதை 6 என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தது 60 வீடு, ஆகவே குறியீடு 10. இதைத் திருத்துவது எளிது. திருத்த முடியாதது இன்னொன்று. பூட்டிய அந்த நாற்பதும் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள். விடியற்காலையில் அவசரமாகத் தண்ணீர் பிடித்து மூடாமல் ஓடுகிறவர்கள். திறந்திருந்த வீட்டை வைத்துப் பூட்டிய வீட்டைச் சொல்ல முடியாது. மாலையில் திரும்பப் போனால்தான் தெரியும்.

தண்ணீரிலும் கடைசி வீட்டைத்தான் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நின்று குளோரின் பார்ப்பவர் ஆபரேட்டரைத் திருப்திப்படுத்தலாம். குழாய் முடியும் வீட்டில் பார்ப்பவர்தான் நோயைத் தடுக்கிறார். நல்ல பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின். வாய் கட்டாத மூட்டையில் மழைக்காலம் கழிந்தால் மிஞ்சுவது சுண்ணாம்பு. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்று புத்தகம் சொல்வது நல்ல பவுடருக்கு. வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போனால் தண்ணீரின் கடினம்தான் கூடும். ஊற்றியவுடன் வால்வைத் திறக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒரு மணி நேரம் நிற்கவிட்டு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

மில் ஆட்களிடம் பேச ஒரு முறை இருக்கிறது. தறிக்கூடத்தில் பல வருடம் நின்றவரிடம் பக்கவாட்டில் இருந்து கேள்வி கேட்காதீர்கள். உதடு தெரிகிற மாதிரி எதிரே நின்று கேளுங்கள். சத்தம் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்; பேச்சு கேட்கிறது என்பதால் காது போனது அவருக்கே தெரிந்திருக்காது. பஞ்சுத் தூசி பறக்கும் நூற்பாலையின் புளோ ரூம், கார்டிங் ஆட்களாக இருந்தால் "மூச்சு முட்டுதா?" என்று மட்டும் கேட்டால் ஆஸ்துமா என்று எழுதிவிடுவீர்கள். "லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னிக்கு நெஞ்சு எப்படி இருக்குதுங்க?" என்று கேளுங்கள். திங்கட்கிழமை இறுகி, வாரம் போகப் போக இளகினால் அது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிஸ்சினோசிஸின் தொடக்கம். முற்றிய பிறகு எல்லா நாளும் ஒன்றுபோல் இறுகும். அப்போது இந்தக் கேள்வியால் பயன் இல்லை.

புதன்கிழமை தடுப்பூசிக்கு நர்சம்மா பக்கத்தில் உட்காருங்கள். ஐஸ்பேக்கைக் கேரியரில் வைக்கும் முன் அவர் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் வைப்பார். கல்லாக இருக்கும்போதே வைத்தால் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து கெட்டுப்போகும். கெட்டது குப்பியின் வெளியே தெரியாது.

வீட்டுக்குப் போவதன் அருமைக்குப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் சென்னை சேத்துப்பட்டுக்குப் போகலாம். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வு, காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமாகிறார்கள், கூட இருப்பவர்களுக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை என்று காட்டியது. 1959இல் முடிவு வெளியானது. உலகம் சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. அந்தப் புகழ் இருக்கட்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான்.

பல்லடத்தில் சொல்லாமல் போக வசதியான நாள் ஒன்று உண்டு. பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாள். முந்தின நாள் பேப்பரில் எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்த ஊர் என்று போட்டுவிடுவார்கள். அன்று தறி ஓடாது, இரண்டு ஷிப்ட் ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். அந்த அறிவிப்பை வெட்டி வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடி தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். முந்தின முறை பூட்டியிருந்த வீடுகளை முதலில் முடிப்போம். மோட்டார் ஓடாததால் தொட்டித் தண்ணீரும் ஆடாமல் நிற்கும், புழு பார்க்க அதுவும் தோது.