காப்பகத்தில் மிஞ்சும் கிழ நாய்

நாய்க் காப்பகம் ஒரு சல்லடை மாதிரி. உள்ளே வருபவற்றில் முதலில் வெளியேறுபவை குட்டிகள். பால் மறந்த குட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அதை இறக்கி விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது அபூர்வம். அடுத்து, அடிபட்டு வந்து தேறிய இளவயது நாய்களும் கருத்தடை முடிந்தவையும். காது நுனியில் அடையாள வெட்டோடு அவை பிடிபட்ட தெருவிலேயே கொண்டுபோய் விடப்படும். 2001இல் வந்து 2023இல் புதிதாக எழுதப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் அதைத்தான். இவ்வளவும் போன பிறகு சல்லடையில் தங்குவது கிழடு, குருடு, இடுப்பு ஒடிந்தது, சிறுநீரகம் கெட்டது. தெருவில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. வீட்டுக்கு அழைத்துப்போக ஆளும் வராது.

2025 ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் சொன்னது. பேருந்து நிலையத்து டீக்கடைப் பொறையில் காலம் தள்ளிய கிழ நாய்களுக்கு இனிக் காப்பகம்தான் கதி என்று இதற்குப் பொருள். அங்கே இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

புதுச்சேரியை ஒட்டிய வானூர் வட்டத்தில் இந்தச் சல்லடைக்கு ஓய்வு கிடையாது. திண்டிவனம்–புதுச்சேரி நான்குவழிச் சாலை கிளியனூர் வழியாகப் பாய்கிறது. கிழக்கே பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே திருவக்கரைப் பக்கம் கல்குவாரி லாரிகள். மூன்று திசையிலும் நாய் அடிபடச் சாலை இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி இந்த வட்டத்துச் செம்மண்ணில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துத் தெருநாய்களுக்கான காப்பகம் ஒன்றும் அங்கே உண்டு. இத்தகைய காப்பகங்களில் பெரும்பாலானவை நாட்டு நாய்களே. இடையிடையே ஒரு லாப்ரடார், கண் மங்கிய ஒரு பொமரேனியன். இவை தெருவில் பிறந்தவை அல்ல. காசு கொடுத்து வாங்கப்பட்டு, வீடு மாறும்போதோ வயதாகிப் படுக்கையை நனைக்கத் தொடங்கும்போதோ இறக்கி விடப்பட்டவை. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு டீ, இரண்டு வடைக்கு அது சரியாக இருக்கும்.

காப்பகத்துக்கு வரும் நாயின் வயது யாருக்கும் தெரியாது. மருத்துவர் மேலுதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறார்: முன்பற்களின் முனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, காரை எவ்வளவு படிந்திருக்கிறது. பிறகு மோவாய் நரை, பிறகு கண். சீட்டில் ‘வயது சுமார் 9’ என்று எழுதுவார். அந்தச் ‘சுமார்’ இரண்டு வயது முன்னே பின்னே போகும். பெரிய உடல்வாகு உள்ள இனங்கள் ஆறேழு வயதிலேயே முதுமையைத் தொடும். நடுத்தர உடம்புள்ள நாட்டு நாய்க்கு எட்டு, ஒன்பது ஆகும். வீட்டில் ஒழுங்காகச் சோறு கண்ட நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழ்வது வழக்கம். ஆக, ஒன்பது வயது என்று எழுதப்பட்ட நாய்க்கு இன்னும் சில நல்ல ஆண்டுகள் பாக்கி இருக்கலாம். பார்க்க வருகிறவர் நரையைக் கண்டதும் கணக்கை முடித்துவிடுகிறார்.

கண்ணிலும் இதே தவறு நடக்கிறது. கிழ நாயின் கண்மணியில் நீலம் பூத்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அது பெரும்பாலும் வயதால் லென்ஸ் இறுகுவது. பார்வை அதிகம் கெடாது. பால்போல வெளுத்திருந்தால்தான் புரை. அப்படியே முழுக்குருடானாலும் நாய் மூக்கால் வாழ்கிற பிராணி. கட்டிலையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாமல் வைத்தால், சில நாளில் வீட்டை மனப்பாடம் செய்துவிடும்.

நோய் என்ற சொல்லே ஆளை விரட்டுகிறது. ஆனால் காப்பகத்துச் சீட்டில் எழுதியிருக்கும் நோய்கள் எல்லாம் ஒரு தரத்தவை அல்ல. பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி, இணைசேரும்போது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் ஒருவகைப் புற்று. புற்று என்றதும் பயம் வருகிறது. உண்மையில் வாரம் ஒன்றாகச் சில வின்கிறிஸ்டின் ஊசிகளில் பெரும்பாலும் முழுக்கக் கரைந்துவிடும் நோய் அது. சொறி பிடித்து மயிர் உதிர்ந்து யானைத்தோலாக நிற்கும் நாய், பார்க்க எல்லாவற்றிலும் மோசம். மருந்துக்கு மசிவதில் முதலிடம். உண்ணிக் காய்ச்சல் இதற்கு நேரெதிர். வெளியே ஒன்றும் தெரியாது. நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும். ரத்தத்தட்டுகள் குறைந்துபோனதன் அடையாளம் அது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். நாய் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாளே நிறுத்துகிற வீடுகளில் நோய் உள்ளே பதுங்கித் திரும்பி வரும். மருந்து நாய்க்கு மட்டும் போதாது. இந்தக் காய்ச்சலைப் பரப்பும் பழுப்பு உண்ணி சுவரேறி விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கீற்றுக் கொட்டகையும் பூச்சில்லாத சுவரும் அதற்கு அரண்மனை.

நிதானமாகக் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும்வரை நாய் காட்டிக்கொள்ளாது. முதல் அறிகுறி தண்ணீர்ச் சட்டி. காலையில் நிரப்பியது மதியத்துக்குள் காலியாகும், நாய் அதே வேகத்தில் சிறுநீர் கழிக்கும். பிறகு வாய் நாற்றம், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, இளைப்பு. இழந்ததை மீட்க முடியாது, மிச்சத்தை நீட்டிக்கலாம். எலும்பும் ஈரலும் நிறுத்தம். மருத்துவர் சொன்னால் ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும். கேட்க மிரட்சியாக இருந்தாலும் வீட்டிலேயே பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். ஜன்னல் கம்பியில் ரிங்கர் லாக்டேட் பாட்டில் தொங்கும். பிடரித் தோலைக் கூடாரம்போல இழுத்துப் பிடித்து ஊசியைச் செருகியதும் தோளுக்கு மேல் ஒரு திமில் எழும்பும். நாய் ஒரு முனகலோடு சரி, அப்படியே உட்கார்ந்திருக்கும். சில மணி நேரத்தில் திமில் வடிந்துவிடும். காப்பகத்தில் இதைச் செய்ய மருந்து இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. பத்து நிமிடம் ஒரே நாயைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் கை இல்லை. பெரிய அண்டாவில் சோறும் கோழித்தலையும் வெந்து எல்லாத் தட்டிலும் ஒரே சாப்பாடு விழும் இடத்தில், ஒரு நாய்க்கு மட்டும் தனிப்பத்தியம் நடப்பதும் கடினம். சிறுநீரக நாய்க்கு வீடு தேவைப்படுவது முதலில் இந்தக் காரணத்துக்காகத்தான். பாசமெல்லாம் பிறகு வருவது.

கிராமத்தில் நாய் கேட்கிறவர் காவலுக்குத்தான் கேட்கிறார். “வயசான நாயை வெச்சிக்கினு என்னா பண்றது? கொல்லைக் காவலுக்கும் ஆவாது” என்பார். நியாயமான பேச்சு, முந்திரிக் கொல்லையிலும் மோட்டார்க் கொட்டகையிலும் இரவெல்லாம் சுற்ற இளரத்தம் வேண்டும். வீட்டு வாசலுக்கு அது தேவையில்லை. குரைக்க வயது தடை இல்லை, புது ஆள் வாடையைப் பிடிக்கவும் இல்லை. குட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும், முதல் ஆண்டு செருப்பு மிஞ்சாது, வயர் மிஞ்சாது. கிழ நாய் எதையும் கடித்துக் குதறாது. நாளின் பெரும்பகுதி தூங்கும். ஓய்வுபெற்ற தம்பதி, பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட வீடு, தையல் வேலை செய்தபடி பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு அது பொருத்தமான துணை. பொருந்தாத வீடுகளும் உண்டு. ஆளில்லாமல் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு, மாடியேறிப் போகும் வீடு, வாலைப் பிடித்து இழுக்கும் வயதில் குழந்தை உள்ள வீடு. மூட்டு வலிக்கிற நாய் தூக்கத்தில் தொட்டால் திரும்பிக் கவ்வும். அதற்குக் குணம் காரணமல்ல, வலி காரணம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு சொற்பம். டைல்ஸ் தரையில் கிழ நாயின் பின்கால் வழுக்கும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை சாக்கு விரித்தால் தீர்ந்தது. வாசற்படிக்குச் சாய்வாக ஒரு பலகை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் படாத மூலை கட்டாயம் வேண்டும். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய இரவில் தானாக எழுந்து மேட்டுக்குப் போக மூட்டு பிடித்த நாயால் முடியாது. நாய் நொண்டுகிறதே என்று மனிதருக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முதல் இரண்டு வாரம் நாய் ஒட்டாது. கதவோரம் படுக்கும், ஆள் போன பிறகு சாப்பிடும், அடக்கத் தெரிந்த நாய்கூட வீட்டுக்குள் ஈரம் செய்யும். ‘இது சரிப்படாது’ என்று திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். மருந்தும் சோறும் ஒரே மணிக்கு, ஒரே ஆள் கையால் நடந்தால் நாய் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறரை மணி மாத்திரைக்கு ஆறேகாலுக்கே வந்து நிற்கும்.

ஊர்க் கால்நடை மருந்தகம், மக்கள் வாயில் மாட்டாஸ்பத்திரி, பெயருக்கேற்ப மாடும் ஆடும் பார்க்கிற இடம். வெறிநோய்த் தடுப்பூசி, புண்ணுக்குக் கட்டு ஆகியவை அங்கே நடக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்றால் வானூர்க்காரருக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையைவிடப் பக்கம், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தத்தெடுக்கும்போது காப்பகத்தில் கேட்டு வாங்க வேண்டியது மூன்று: தடுப்பூசி அட்டை, கடைசி ரத்த அறிக்கை, இப்போது கொடுக்கும் மருந்தின் பெயரும் அளவும்.

கடைசிக் காலத்துப் பணிவிடையைப் பலர் தாங்க முடியாததாக எண்ணுகிறார்கள். ஆனால் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு பேருந்து தூரத்தில், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், லட்சுமி என்ற பசுவின் சமாதிக்கு அருகில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ஜாக்கி நோயில் விழுந்தபோது ரமணர் அதற்கு மெத்தென்று படுக்கை போட்டுக் கொடுத்தார். உடம்பு நாறத் தொடங்கிய பிறகும் பக்கத்தில் வைத்தே பார்த்துக்கொண்டார் என்று ஆசிரமத்தார் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. பெரிய வைத்தியம் எதுவும் அதில் இல்லை. படுக்கை கொடுத்தார், கூட இருந்தார். எழ முடியாத நாயை நாளுக்குச் சில முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் படுக்கைப் புண் வரும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். சாப்பாடும் தண்ணீரும் இறங்காமல், வலிக்கு மருந்தும் கேளாமல் போனால் மயக்க மருந்து கொடுத்து முடித்துவைக்கும் வழியை மருத்துவர் சொல்வார். முடிவு வீட்டாருடையது.

இறந்த நாயைத் தெருநாய்கள் கிளறாத ஆழத்தில், கிணற்றிலிருந்து தள்ளியே புதைக்க வேண்டும். மேலே ஒரு தென்னம்பிள்ளை வைப்பது ஊர் வழக்கம். பிரிக்காத மாத்திரை அட்டை, ரிங்கர் பாட்டில், துவைத்துக் காயவைத்த சாக்கு ஆகியவற்றைக் காப்பகத்தில் கொடுத்தால் அன்றைக்கே இன்னொரு நாய்க்கு ஆகும்.