கப்பலுக்கு அடியில் இரண்டு மீன்கள்

சோங்சிங்கில் கப்பலேறி யாங்சி ஆற்றோடு இறங்கி யீசாங் போய்ச் சேர மூன்று இரவு பிடிக்கும். சொகுசு அறைக்காரருக்கும் இருப்பதிலேயே மலிவான படுக்கைக்காரருக்கும் மேல்தளத்தில் கிடைப்பது ஒரே காட்சிதான்: சீனாவின் பத்து யுவான் நோட்டில் அச்சாகியிருக்கும் சூதாங் மலையிடுக்கின் வாசல், அப்புறம் வூ, அப்புறம் சீலிங். இந்தத் தடத்திலேயே அரிய வரலாற்றுச் சின்னம் மட்டும் இருவர் கண்ணிலும் படாது. பல கப்பல்கள் இரவில்தான் கிளம்புகின்றன. சுமார் 120 கிலோமீட்டர் கீழே, காரமான கடுகுத்தண்டு ஊறுகாய்க்குப் பேர்போன ஃபூலிங் நகரைப் பயணிகள் தூக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். அங்கே, நீர் உச்சத்தில் நிற்கும்போது ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழத்தில் பைஹலியாங் கிடக்கிறது. வெண்கொக்கு முகடு என்று பொருள்.

கரைக்கு இணையாக 1,600 மீட்டர் நீளத்துக்கு ஓடும் பாறைத் திட்டு அது. த்ரீ கார்ஜஸ் அணை வருவதற்கு முன்பும் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருந்தது. கடுங்குளிர் மாதங்களில் ஆறு வற்றினால் தலைகாட்டும். தாங் அரசர் காலத்தில், 763 வாக்கில், யாரோ அதில் மீன் செதுக்கி வைத்தார்கள். பிறகு ஆறு மிகவும் வற்றிய ஆண்டுகளில் வந்தவர்கள், தண்ணீர் மீனுக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது என்று பக்கத்திலேயே பொறித்துவிட்டுப் போனார்கள். இப்படிச் சேர்ந்தவை நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், சுமார் முப்பதாயிரம் எழுத்துகள், பதினெட்டு மீன்கள். பதவி பறிபோய் இந்தப் பக்கம் தள்ளப்பட்ட சோங் காலக் கவிஞர் ஹுவாங் திங்ஜியான் 1100-ல் வந்துபோனதை ஏழே எழுத்தில் சொல்லி முடித்துவிட்டார். பழைய மீன் தேய்ந்து போனதால் 1685-ல் ஃபூலிங் அதிகாரி ஒருவர் இரண்டு கெண்டைகளைப் புதிதாகச் செதுக்க வைத்தார். ஒன்றன் வாயில் லிங்ஷி காளான், மற்றதன் வாயில் தாமரை. செதில்கள்கூட எண்ணிப் பார்க்கும்படி தெளிவாக இருக்கின்றன. கல்மீன் வெளிவந்தால் விளைச்சல் பெருகும் என்பது ஊரார் நம்பிக்கை. சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி என்பது அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றிருக்க வேண்டும். சகுனமோ என்னவோ, அந்தக் கெண்டைகளின் கண் நவீன நீர்மட்ட அளவுகோலின் பூஜ்யக் குறிக்குக் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது.

த்ரீ கார்ஜஸ் அணையில் 2003-ல் நீர் தேக்கத் தொடங்கி, 2010-ல் 175 மீட்டர் என்ற முழு மட்டத்தைத் தொட்டார்கள். கரையோரச் சின்னங்களை மூன்று விதமாகக் காப்பாற்றினார்கள். யுன்யாங்கின் ஜாங் ஃபெய் கோயிலைக் கழற்றி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆற்றின் மேற்பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். குன்றின் முகத்தில் சாய்ந்து நிற்கும் பன்னிரண்டு அடுக்கு மரக் கோபுரமான ஷிபாவ்ஜாயைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். குன்று இப்போது தீவு. பைஹலியாங்கை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டார்கள். இம்மூன்றில் இதுவே சரியான முடிவு என்பது என் கட்சி. கோயிலுக்கு வேறொரு கரை பொருந்தக்கூடும். தெய்வமும் வழிபாடும் கூடவே போகும். அளவுகோல் அப்படியல்ல. கல்மீனின் பொருள் அதன் உயரத்தில் இருக்கிறது. நாற்பது மீட்டர் தூக்கி வைத்தால் அது அழகான சிற்பம், அவ்வளவுதான்.

முகட்டை வண்டலில் புதையவிட்டு, கரையில் நகல் செய்து வைக்கலாம் என்றொரு யோசனையும் எழுந்தது. இன்று செய்வதுபோல் நீருக்கடியில் மங்கிய கண்ணாடி வழியாகக் கல்வெட்டைத் துழாவுவதைவிட வெயிலில் நின்று நகலைப் படிப்பது வசதி என்பதை மறுக்க முடியாது. பொறியியலாளர் கே ஷியுருன் வேறு வழி சொன்னார்: கல்வெட்டுகள் நெருக்கமாக உள்ள பகுதிமேல் வளைந்த ஓடு ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே வடிகட்டிய ஆற்றுநீரை நிரப்புவது. உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் ஓட்டின்மேல் ஆற்றின் பாரம் ஏறாது. பக்கத்தில் ஒரு நடைவழி, அதில் வட்ட ஜன்னல்கள். 2009-ல் திறந்த இந்த அருங்காட்சியகத்துக்குக் கரையிலிருந்து நீண்ட எஸ்கலேட்டரில் இறங்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அளவுகோல்தான் செத்துவிட்டதே, அதன் உயரத்தைக் காத்து என்ன பயன்? கெண்டைகள் கடல்மட்டத்துக்குச் சுமார் 138 மீட்டர் மேலே இருக்கின்றன. வெள்ளத்துக்கு இடம் விட்டுக் கோடையில் நீர்த்தேக்கத்தை 145 மீட்டருக்கு இறக்குகிறார்கள். அப்போதும் மீனின் தலைக்கு மேல் ஏழு மீட்டர் தண்ணீர். அவை வெளிவந்த குளிர்காலமே இன்று நீர் உச்சத்தில் நிற்கும் காலம். ஆற்றின் நாட்காட்டியே தலைகீழ். ஆனால் மூடிய கணக்குப் புத்தகத்தையும் சரிபார்க்க வேண்டிவரும். 1970-களில் நீரியல் அறிஞர்கள் மீனின் உயரத்தை அளந்து, பழைய அடிக்கணக்குகளை மீட்டராக்கி, ஆயிரத்து இருநூறு ஆண்டு வறட்சி வரலாற்றைத் தொகுத்தார்கள். மீன் நகர்ந்திருந்தால் அந்தக் கணக்கை மறுபடி சோதிக்க ஆதாரம் ஏது? இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அந்தத் தொகுப்பு அணைத் திட்டத்துக்கே தரவாகப் போனது. மீன்கள் தாங்கள் மூழ்கத் தாங்களே சாட்சி சொல்லியிருக்கின்றன.

1954 வெள்ளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஆற்றில் கல்மீனுக்காக வாதாடுவதா என்று கேட்கலாம். அணை வேண்டாம் என்பதல்ல இங்கே பேச்சு. மூன்று விதக் காப்பையும் ‘மீட்பு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சுமார் பதின்மூன்று லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள்; பழைய ஃபெங்டு, பழைய ஃபெங்ஜியே போன்ற ஊர்களை இடித்துத் தரைமட்டமாக்கிய பின் நீர் ஏறியது. அந்தத் தெருக்களுக்கு ஜன்னல் எதுவும் வைக்கவில்லை.

மலிவுக் கப்பல் ஃபூலிங்கில் நிற்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சோங்சிங்கிலிருந்து ரயிலில் போய், மீன்களைப் பார்த்துத் திரும்பி, அன்றிரவே கப்பலேறலாம்.