இரு வீட்டு முன்னோர்: தமிழ்–சீன மணங்கள் பற்றிய மார்த்தாண்டம் நாட்குறிப்பு

மார்த்தாண்டம், 2025 ஜனவரி 29

தை அமாவாசையும் சீன ஆண்டுப்பிறப்பும் இவ்வாண்டு ஒரே நாளில் வந்துள்ளன. இரண்டும் அமாவாசையைப் பற்றி நிற்பவை ஆதலால், பல ஆண்டுகளில் அவை ஒன்றாகவோ ஒருநாள் முன்பின்னாகவோ அமைவது இயல்பே. 2024இல் பிப்ரவரி 9, 10 என அடுத்தடுத்து வந்தன. சீன நாட்காட்டி சந்திர மாதத்தையும் சூரிய ஆண்டையும் இணைத்துக் கணிக்கப்படுவது. இரண்டின் இடைவெளியை நேர்செய்ய ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அதில் ஒரு மாதம் கூட்டப்படும். இவ்வாண்டு அவர்களுடைய ஆறாம் மாதம் இருமுறை வருவதால், 2026இல் தை அமாவாசை ஜனவரி 18இலும் சீன ஆண்டுப்பிறப்பு பிப்ரவரி 17இலும் பிரிந்து நிற்கும்.

தமிழரும் சீனரும் மணந்து வாழும் வீட்டுக்கு இது வெறும் கணக்கு அன்று. தை அமாவாசை நீத்தாருக்கு நீர்க்கடன் செய்யும் நாள். சீன ஆண்டுப்பிறப்புக்கு முந்திய இரவிலோ, குடும்பம் கூடி உண்ணும் முன் முன்னோர்க்கு உணவு படைத்து ஊதுவத்தி ஏற்றும் மரபு பல மாகாணங்களில் உள்ளது. தமக்கு மதம் எதுவும் இல்லை என்று கூறும் சீனர் பலரும் இதை விடுவதில்லை. மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு வட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுதி. தர்ப்பணத்தை என்றோ விட்டுவிட்ட கத்தோலிக்க வீடுகளிலும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று கல்லறையைத் தூய்மை செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவது தவறாது நிகழ்கிறது. இத்தகைய மணங்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் எழுப்பும் கேள்வி உணவைப் பற்றியதாகவோ மதத்தைப் பற்றியதாகவோ இருக்கிறது. ஆனால் வரலாற்றில் பதிவான தமிழ்–சீன, இந்திய–சீனக் குடும்பங்களை ஒருங்கே வைத்து நோக்கினால், அவற்றைப் பழக்கவழக்க வேறுபாடு உடைத்ததாகத் தெரியவில்லை. ஒரு பக்கத்து உறவினரை வீட்டினர் மறந்தபோதும், அரசின் ஆவணம் குறுக்கே வந்தபோதுமே அவை உடைந்தன.

குமரி மேற்கில் இவ்வுறவுகள் உருவாகும் வழிகளை அறிவது கடினம் அன்று. சீனப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படிக்கச் செல்வோர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்போர், குவாங்சௌ, யிவு ஆகிய மொத்தச் சந்தைகளுக்குச் சரக்கெடுக்கச் செல்வோர் என வெளியே போகும் இளைஞர் கூட்டம் பெரிது.

ஏப்ரல் 4

இன்று சிங்மிங். வசந்தகாலத்தில், சூரியனின் நிலையைக் கொண்டு கணிக்கப்படும் இந்நாளில், சீனர் குடும்பத்தோடு கல்லறைக்குச் சென்று களை பறித்து, உணவு படைத்து வணங்குவர். மறுநாட்டில் மணமுடித்திருப்பவருக்கு ஊர் நினைவு மிகுதியாக எழும் நாள் இது.

தமிழ்நாட்டு மண்ணில் இத்தகைய மணங்களுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட எழுத்துப் பதிவு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தம் நூலில், நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் வாழ்ந்த ஒரு சிறு சீனக் குடியிருப்பை விவரிக்கிறார். மலாய்த் தீபகற்பத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சிறையிடம் போதாமையால் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரிச் சிறையில் வைக்கப்பட்டனர். இக்குடியிருப்பின் வரலாறு அவர்களிடமிருந்து தொடங்குகிறது. அங்கிருந்தோர் பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்தவராக மாறியபோது தம் நீள்சடையை வெட்ட நேர்ந்ததையே தம் ஒரே குறையாகக் கூறியதாகத் தர்ஸ்டன் எழுதுகிறார். அக்காலச் சீன ஆண்மக்களுக்குச் சடை அரசாணையால் வந்த அடையாளம். அதை இழந்தவர் ஊர் திரும்பும் எண்ணத்தையும் அதனோடு இழந்திருக்கக் கூடும்.

தர்ஸ்டனின் பதிவில் உறுத்தும் ஒரு வெறுமை உண்டு. மனித உடலை அளந்து இனம் வகுக்கும் அக்கால மானிடவியலின்படி, அவர் பிள்ளைகளின் நிறம் தந்தையைப் போன்றதா தாயைப் போன்றதா என்று ஆராய்கிறார். தாயாகிய தமிழ்ப் பெண்ணின் நிறத்தைக் குறிக்கிறார். அவள் சொன்ன சொல் ஒன்றையும் குறிக்கவில்லை. கைதியாக வந்த அயல்நாட்டவனை மணந்து, மலைச்சரிவில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்த அப்பெண்ணே இம்மண்ணில் நாம் அறிந்த தமிழ்–சீனக் குடும்பங்களின் முன்னோடி. அவள் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். சில தலைமுறைகளில் அக்குடியிருப்பு சுற்றியிருந்த மக்களோடு கலந்து மறைந்தது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மார்த்தாண்டத்தை அடுத்த குழித்துறையில் தாமிரபரணி ஆற்றங்கரையில் விடியுமுன்பே பலி இடுவோர் கூட்டம் நிறைந்துவிடுகிறது. வாவு என்பது இவ்வட்டார வழக்கில் அமாவாசை; அன்றைய பலி வாவுபலி; அதையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில் தென்னை, பலா, மா, நல்லமிளகு எனக் கன்றுகள் வாங்கித் தோளில் சுமந்து செல்வோரைக் காணலாம். முன்னோருக்குப் பலியிட்ட கையோடு கன்று வாங்கிப் போகும் இவ்வழக்கத்தைச் சீனத்திலிருந்து வந்த மருமகளுக்கு விளக்க வேண்டிய தேவையே எழாது.

இதே நாளில் சீனக் குடிமக்களுக்குச் சுற்றுலா விசா வழங்குவதை இந்தியா மீண்டும் தொடங்கியிருக்கிறது. 2020 முதல் அது நின்றிருந்தது. மேலும், வீசாட் என்னும் சீனத் தொடர்புச் செயலி 2020 ஜூன் 29ஆம் நாள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளுள் ஒன்று; வாட்ஸ்அப்போ சீனத்தில் தடைப்பட்டிருக்கிறது. பேரக்குழந்தையின் முகத்தைக் கைபேசியில் காண விரும்பும் இரு பாட்டிமாருக்கும் தத்தம் கையில் பழகிய செயலி மறுமுனையில் இயங்காது என்பதே ஐந்தாண்டுகளாக இத்தகைய வீடுகளின் நிலை.

பேறுகாலத்தில் இத்தடையின் சுமை முழுமையாகத் தெரியும். சீனத்தில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளியேறாமல் ஓய்ந்திருப்பதைச் சுவோ யுவேசி என்பர். குளிர்ந்த நீரைத் தொடாமை, காற்றுப் படாமை, தென்பகுதிகளில் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்ந்த கறி, பால் சுரக்கப் பன்றிக்கால் சாறு ஆகியவை அதன் கூறுகள். குமரி மாவட்டத்துப் பேறுகாலப் பத்தியமோ சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி ஆகியவற்றால் ஆனது. இஞ்சியும் எள்ளும் இனிப்பும் இரு பக்கமும் இருப்பதால், அடுப்படியில் இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். சிக்கல் குளிமுறையில் எழுகிறது. பழைய சீன முறை அம்மாதம் முழுவதும் தலை நனைவதையும் குளிப்பதையும் விலக்குகிறது. குமரி முறையோ எண்ணெய் தேய்த்து, மூலிகை கொதிக்கவைத்த வெந்நீரை உடல் தாங்கும் சூட்டில் ஊற்றிக் குளிப்பாட்டுவதையே மருந்தின் தலையாய பகுதியாகக் கொள்கிறது. ஒரு வீட்டில் குளிப்பாட்டுவது அன்பு. மற்ற வீட்டில் குளிப்பாட்டாமல் இருப்பது அன்பு. இரண்டும் குளிர்ச்சி உடம்பில் ஏறிவிடும் என்னும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை என்பதை இரு தாய்மாரும் உணர்ந்துகொண்டால், வெந்நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிடுவது போன்ற இடைவழி தானே கிடைக்கும்.

அதனினும் பெரிய வேறுபாடு, யார் பார்த்துக்கொள்வது என்பதில் உள்ளது. தமிழ் வழக்கில் தலைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வாள். பார்த்துக்கொள்பவள் அவளுடைய தாய். சீன மரபில் அப்பொறுப்பு மாமியாருடையது. இன்று நகரங்களில் இதற்கெனப் பயிற்சி பெற்ற யுவேசாவோ என்னும் கூலிச் செவிலியரையும் வைத்துக்கொள்கின்றனர். இதனால், மார்த்தாண்டத்து வீட்டில் வாழும் சீன மருமகள் மாமியாரை எதிர்நோக்கியிருக்க, மாமியாரோ அவளுடைய தாய் வந்து சேருவதை எதிர்நோக்கியிருக்கும் நிலை எவர் குற்றமுமின்றி உருவாகிறது. அத்தாய்க்கு விசா இல்லையெனில் அப்பெண் இருவர் நடுவிலும் தனித்துவிடப்படுகிறாள். இவ்வாண்டுக்கு முன் இம்மண்ணில் பிள்ளை பெற்ற சீனப் பெண்களின் துயரில் ஒரு பங்கு இதுவாகவே இருந்திருக்கும்.

குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாளில் அரைஞாண் கட்டுவது குமரி இந்துக் குடும்ப வழக்கம். முழு மாதம் நிறைந்த நாளில் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை உறவினருக்கு வழங்குவது சீன வழக்கம். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டையும் செய்துவிடலாம். பெயர் வைப்பது அவ்வளவு எளிதன்று: தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது தமிழ் வீட்டில் அவருக்குச் செய்யும் மரியாதை, சீன வீட்டில் மூத்தோர் பெயரைக் குழந்தைக்கு வைத்து வாய்நிறைய அழைப்பது அவமதிப்பு.

செப்டம்பர் 6

சீன ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாளாகிய இன்று, பசித்தலையும் ஆவிகளுக்கும் முன்னோருக்கும் உணவு படைப்பர். வீட்டில் இரு பக்கத்து முன்னோரையும் இருத்திக்கொண்ட குடும்பங்களுக்குச் சான்று தேடினால், மலாக்காச் செட்டிகளைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்கா சுல்தான்களின் காலம் முதல் அங்கு வணிகம் செய்து தங்கிய தமிழர், மலாய், சாவக, பத்தாக், சீனப் பெண்களை மணந்ததால் உருவான சமூகம் அது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிக் குடியிருப்பில் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. பெண்கள் மலாய் உடையாகிய சாரோங் கெபாயா உடுத்துகின்றனர். வீட்டுமொழி தமிழ்ச்சொல் கலந்த மலாய். பெயரின் இறுதியிலோ பிள்ளை, படையாச்சி, நாயக்கர் என்னும் ஒட்டுகள் இன்னும் நிற்கின்றன. பொங்கலுக்கு முந்திய நாளில் போகிப் பார்ச்சு என்னும் சடங்கை நிகழ்த்துகின்றனர்: வாழையிலை விரித்து, இறந்தோர் விரும்பிய உணவுகளைச் சமைத்துப் படைத்து, சாம்பிராணி காட்டி, முன்னோர் உண்டு முடிப்பதற்கு நேரம் விட்டுப் பின்னரே வீட்டார் உண்கின்றனர். அந்த இலையில் தேங்காய்ப்பால் சோறாகிய நாசி லெமாக்கும் சீன–மலாய்க் கலப்புச் சமையலின் நோன்யா பலகாரங்களும் இடம்பெறுகின்றன. அதாவது, பாட்டிமார் கொண்டுவந்த சமையலைத் தாத்தாமார் கொண்டுவந்த இலையில் வைத்துப் படைக்கின்றனர். தமிழ் மொழியை அவர்கள் இழந்தது வருந்தத்தக்கதே. எனினும் பெண்வழி வந்த உணவையும் உடையையும் வெட்கமின்றி வீட்டின் நடுவில் வைத்துக்கொண்டதனாலேயே ஐந்து நூற்றாண்டுகளாக அச்சமூகம் கலையாமல் நிற்கிறது என்று கொள்ள இடமுண்டு. நடுவட்டத்துச் சீனக் குடியிருப்புக்கு வாய்க்காதது இதுவே.

பெண்வழியை மதிப்பது குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குப் புதிதும் அன்று. சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மக்களுக்குச் செல்லும் மருமக்கள்வழி, நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே திருவிதாங்கூர் அரசு 1926இல் இயற்றிய சட்டம் வரை நடைமுறையில் இருந்தது. அதன் கொடுமைகளைக் கவிமணி பாடியதை ஊர் அறியும். ஆயினும், குடும்பத்தின் அமைப்பு மாறக்கூடியது, ஒரு தலைமுறைக்குள்ளேயே மாற்றக்கூடியது என்பதை இம்மாவட்டம் தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது.

அக்டோபர் 26

ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையிலான நேரடி விமானம் இன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்குப் புறப்படுகிறது.

வழி திறந்திருக்கும் இந்நாளில், இத்தகைய மணங்களுக்கு வேண்டிய ஆவணங்களை ஒருமுறையேனும் தொகுத்துப் பார்க்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் பதியும் முன் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். வெளிநாட்டவர் தாம் மணமாகாதவர் என்னும் சான்றும் தருவது வழக்கம். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் உள்ளது; சீனத்தில் அது 2023 நவம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சீனா இணைவதற்கு இந்தியா மறுப்புத் தெரிவித்ததால், இவ்விரு நாடுகளுக்கிடையே அது செயல்படவில்லை; தூதரகங்கள் தோறும் அலையும் வேலை தீரவில்லை.

ஆவணம் குடும்பத்தை எவ்வாறு வெட்டும் என்பதற்கு 1962ஆம் ஆண்டே சான்று. எல்லைப் போரையொட்டி இயற்றப்பட்ட சட்டம், பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் சீனக் குடியுரிமையாளராய் இருந்தாலே ஒருவரை அயலவராகக் கொள்ள வழிசெய்தது. அசாமின் மாக்கும் போன்ற ஊர்களிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் பேர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இந்திய மனைவியரும் கலப்புமணப் பிள்ளைகளும் இருந்தனர். 1963இல் சீனா அனுப்பிய கப்பல்கள் அவர்களில் பலரை ஏற்றிச் சென்றது சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் என்பதைத் தமிழ்நாட்டில் நினைவுகூர்வோர் மிகச் சிலரே. அக்குடும்பத்தார் எத்துணை ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்திருந்தாலும், அவர்கள் சமைத்த சோறும் கற்ற மொழியும் எந்த அதிகாரியின் மேசையிலும் கணக்கில் கொள்ளப்படவில்லை.

இன்றைய சட்டம் அவ்வளவு கொடிது அன்று, ஆனால் சிக்கலானது. இந்தியரை மணந்த அயல்நாட்டவர் ஏழாண்டு இங்கு வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றால் சீனக் குடியுரிமை போய்விடும். 1980ஆம் ஆண்டின் சீனக் குடியுரிமைச் சட்டமும் இந்தியச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மார்த்தாண்டத்தில் இந்தியத் தந்தைக்கும் முறையான விசாவில் வாழும் சீனத் தாய்க்கும் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகவு. தாய் வெளிநாட்டில் நிலையாகக் குடியேறியவள் என்று சீனச் சட்டம் கருதாதவரை, அக்குழந்தையைச் சீனாவும் தன் குடிமகவாகவே கொள்ளும். எனவே எந்த நாட்டின் கடவுச்சீட்டுக்கு முதலில் விண்ணப்பிப்பது, பாட்டி வீட்டுக்கு எந்த ஆவணத்தோடு செல்வது என்பவற்றைக் குழந்தை பிறக்கும் முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டும். மண்டபம், நகை, விருந்து, சபையா பதிவு அலுவலகமா என எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசும் இவ்வட்டாரத்துத் திருமணப் பேச்சுகளில், இந்த ஒன்று இன்னும் இடம்பெறவில்லை.