கருமணலும் கன்னப்பூச்சும்

விடுமுறைகளில் உப்பளத்து வேலைக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, "கனிமப் பூச்சு தோலுக்கு நல்லதா மிஸ்?" என்று நம்மிடம் கேட்டாள். விடை நம் தூத்துக்குடிக் கரையிலேயே கிடக்கிறது. கருமணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். அதுவும் துத்தநாக ஆக்சைடும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். பெரும்பாலும் தோலை உறுத்தா. ஆயினும் பொடி மூச்சில் ஏறலாகாது. மெல்லிய பூச்சு உப்பள வெயிலுக்குப் போதாது. 2013-இல் இம்மாவட்டத்தில் கடற்கரைக் கனிம மணல் அள்ளத் தடை வந்தது. அதுவரை கரையின் முகத்தைச் சுரண்டித்தான் எங்கெங்கோ முகங்கள் பொலிந்தன போலும்.

எல்லாம் கேட்டவள், "கை வெடிப்பை மறைக்குமா?" என்றாள். மறைக்கும் என்றோம். ஆற்றும் என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை.