ஸ்க்விம் சமவெளியின் லாவெண்டரும் பெர்ரியும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைத்தொடருக்கு வடகிழக்கே உள்ள ஸ்க்விம் என்னும் சிற்றூரும் அதையொட்டிய டஞ்சனெஸ் ஆற்றுச் சமவெளியும், லாவெண்டர் வயலையும் பெர்ரிப் பண்ணையையும் ஒரே நாளில் கண்டு திரும்பக்கூடிய பகுதியாகும். பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையின் மேற்குப் புறத்திலேயே பொழிந்து தீர்ந்துவிடுவதால், ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை ஸ்க்விமில் ஏறத்தாழ 400 மில்லிமீட்டராகக் குறைந்துபோகிறது. இவ்வாறு மலை மறிப்பதால் மழை குன்றிய நிலத்தைப் புவியியலார் மழைமறைவுப் பகுதி என்பர். 1895இல் டஞ்சனெஸ் ஆற்றுநீர் வாய்க்கால் வழியே கொண்டுவரப்பட்ட பின்னர் இங்கு வேளாண்மை விரிந்து, பால்பண்ணைகள் தழைத்தன. அவை நலிந்து, நிலம் வீட்டுமனைகளாகக் கைமாறத் தொடங்கிய 1990களில், குறைந்த நீரில் வளரும் லாவெண்டர் விளைநிலத்தைக் காக்கும் பயிராக ஊன்றப்பட்டது. அப்பயிரை முன்னிறுத்தும் திருவிழா 1997 முதல் ஜூலை மாதங்களில் நடந்துவருகிறது.

பயண நாளைத் தேர்வதற்கு விழா நாட்காட்டியைவிடச் செடியின் வகையே நம்பகமான வழிகாட்டி. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த லாவெண்டரில் இரு வகைகள் இங்குப் பெரிதும் பயிராகின்றன. ஆங்கில லாவெண்டர் எனப்படும் முதல் வகை ஜூன் பிற்பகுதியிலேயே பூக்கத் தொடங்கும். அதுவும் மற்றொரு இனமும் சேர்ந்து பிறந்த கலப்பினமாகிய லாவண்டின், ஜூலை நடுவிலிருந்து உச்சத்தை அடையும். லாவண்டின் முளைக்கும் விதை தராததால், அதன் கிளைத்துண்டுகளை வேர்விடச் செய்தே புதுச்செடி உண்டாக்கப்படுகிறது. விழா நாட்களில் பண்ணைகள் கடைத்தெருக்களாகிவிடுவதால், தொழிலைக் காண விரும்புவோர்க்கு அந்நாட்களை அடுத்த வாரநாள் ஒன்றே மேலானது. வயல் முழுவதும் ஊதாவாக விரிந்திருக்கும் நாளை நாடி வருவோர் பலர். ஆனால் உலர்கட்டுக்கான கதிரை அறுப்பவர் அந்த நாள்வரை காத்திருப்பதில்லை என்பது பலர் அறியாதது.

உலர்கட்டு என்பது காம்போடு அறுத்துக் காயவைத்து விற்கப்படும் பூங்கொத்தாகும். பூ முழுதும் மலர்ந்தபின் அறுத்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும் என்பதால், கதிரின் அடியில் சில பூக்கள் மட்டும் விரிந்து மற்றவை மொட்டாக நிறம் பிடித்த நிலையிலேயே அது அறுக்கப்படுகிறது. பனி உலர்ந்தபின், அறுப்பவர் குனிந்து ஒரு கையால் காம்புகளைப் பிடியாகச் சேர்த்துப் பற்றி, மறுகையில் உள்ள வளைந்த கதிர் அரிவாளைத் தம் பக்கமாக இழுத்து ஒரே வீச்சில் அறுக்கிறார். அரிவாள் பசுந்தண்டைத் தாண்டி அடியிலுள்ள பழைய கட்டைப் பகுதியில் இறங்கினால், அவ்விடத்திலிருந்து மறுபடி தளிர்ப்பது அரிது. ஆகவே வெட்டும் உயரத்தை அறிவதுதான் இத்தொழிலின் தேர்ச்சி. அறுத்த பிடி ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டு, நிறம் வெளிறாதிருக்க, இருளும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறது. காம்பு சுருங்கும்போது வளையமும் கூடவே சுருங்குவதால் கட்டு அவிழ்வதில்லை. தேனீக்கள் மொய்க்கும் வரிசைகளுக்கிடையே இவ்வேலை நடப்பதையும் மறக்கலாகாது.

தைலத்துக்கான அறுவடை இதற்குப் பிந்தியது. கதிரில் ஏறத்தாழப் பாதிப் பூக்கள் வாடியபின் அது தொடங்கும். வாலை எனப்படும் வடிகலத்தில் கதிர்களை அடைத்து, கீழிருந்து நீராவியைச் செலுத்தினால், ஆவி பூவின் எண்ணெயை ஏந்திச் சென்று குளிர்குழாயில் நீராக மாறும். எண்ணெய் மேலே மிதக்க, கீழே தங்கும் மணநீர் தனியே விற்கப்படும். லாவண்டினில் எண்ணெய் மிகுதியாகக் கிடைத்தாலும் கற்பூர வாடை தூக்கலாக இருப்பதால் அது சோப்புக்கும் சலவைப்பொருளுக்கும் போக, நறுமணப் பொருள்களுக்கு ஆங்கில லாவெண்டரே மதிக்கப்படுகிறது.

பெர்ரிப் பண்ணைகளுள் பல, வருவோரே பறித்து எடைக்கு விலை கொடுக்கும் முறையை வைத்திருக்கின்றன. சியாட்டல் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழக்கமான கோடைப் பொழுதுபோக்கு. ஸ்ட்ராபெர்ரி ஜூனிலும், ராஸ்பெர்ரி ஜூலையிலும், புளூபெர்ரி ஜூலை நடுவுக்குப் பிறகும் முறைவைத்துப் பழுப்பதால், லாவண்டின் உச்சத்தில் வருபவருக்கு ஸ்ட்ராபெர்ரி பெரும்பாலும் கிட்டாது. பழுத்த ராஸ்பெர்ரி தன் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுக் குழிந்த தொப்பியாகக் கழன்று வரும். இழுத்தும் வராதது இன்னும் காய்தான். பழத்தைக் காலைக் குளிர்ச்சியிலும் லாவெண்டரைப் பனி உலர்ந்தபின்னும் நாடுவது பொருத்தமாகையால், சியாட்டலிலிருந்து முதற்படகுகளுள் ஒன்றில் 35 நிமிடத்தில் பெயின்பிரிட்ஜ் தீவை அடைந்து, மிதவைப் பாலமான ஹூட் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, பெர்ரிப் பண்ணையை முதலிலும் லாவெண்டர் வயலைப் பின்னரும் வைத்துக்கொள்வது நல்லது. கடற்படை நீர்மூழ்கிகளுக்காக அப்பாலம் திறக்கப்பட்டால் வண்டிகள் வெகுநேரம் நிற்க நேரும். பறித்த பழத்துக்குப் பனிக்கட்டிப் பெட்டி தேவைப்படுவது அதனாலும்தான்.

விருந்தினர் ஒரு மணி நேரம் மகிழ்ந்து செய்யும் இதே வேலை, கடலுக்கு அப்பால் இதே மாநிலத்திலுள்ள ஸ்காஜிட் பள்ளத்தாக்கில், மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து வந்த மிஷ்டெக், திரிக்கி பழங்குடியினரின் பிழைப்பாகும். நேரத்துக்கன்றி, பறித்த எடைக்கு அளக்கப்படும் எடைக்கூலியே அங்கு வழக்கம். தரையோடு படர்ந்த ஸ்ட்ராபெர்ரிக்காக நாள்முழுதும் குனிந்திருப்பதால் முழங்காலும் முதுகும் தேய்வதை, அவர்களோடு வாழ்ந்து பறித்த மானிடவியலாளர் சேத் ஹோம்ஸ் 2013இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அதே ஆண்டில் அங்குள்ள பெரிய பண்ணை ஒன்றில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அமைத்த சங்கம், 2017இல் ஒப்பந்தம் பெற்றது. இடைவேளை நேரத்துக்கும் தனிக்கூலி தரவேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. எடைக்கூலி வேகத்தை வாங்கிக்கொண்டு உடலைத் திருப்பித் தருவதில்லை என்பதால், இம்மாற்றங்கள் சிறியவையல்ல. 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை மிகைநேரக் கூலிக்கு உரியோர் வரிசையில் சேர்க்காமல் விட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜனவரி முதல், வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டும் பண்ணை வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி சட்டப்படி தரப்படவேண்டும்.