ஐந்தாம் நாள் காய்ச்சல்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. பலர் போனில் விசாரித்தீர்கள், என் மாணவர்கள் சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "வயித்துல ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். எனக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். இருபத்தைந்து நாள் கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்து, சில வார இடைவெளிக்குப் பிறகு திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது.

புற்றுநோயைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு வரும் கிருமித்தொற்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ள பெருங்குடலைக் கீழே இறக்கி, ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைக்கிறார்கள். கிழிந்த சட்டையைத் தைப்பது மாதிரி இல்லை இது. இரண்டு பக்கமும் ரத்தம் ஓடி, சதை தானாகக் கூடவேண்டும். கதிர்வீச்சு பட்ட இடம் ஆறுவதற்குத் தாமதமாகும். எனக்குச் சர்க்கரையும் உண்டு. கூடாத இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தாலும் மலக்கசிவு இடுப்புக்குழிக்குள் போய்ச் சீழ் கட்டிவிடும்.

நான்காம் நாள் வராந்தாவில் நடந்தேன். ஐந்தாம் நாள் மாலை காய்ச்சல் நூற்றைத் தாண்டியது. நாடித்துடிப்பு 118. "இப்பத்தான் நடந்துட்டு வந்தேம்மா, அதனால இருக்கும்" என்றேன். அந்த நர்ஸ் பெண்ணுக்கு என் பேத்தியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "நடந்து அரை மணி நேரம் ஆச்சே ஐயா, இன்னும் குறையலையே" என்று சொல்லிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட்டது. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவன் சொல்கிறேன், இப்படிக் கவனிக்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றுதான் இருக்கும்.

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்று பார்க்கிறார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு அது இறங்கவேண்டும். எனக்கு ஏறியிருந்தது. வயிற்றில் வைத்திருந்த குழாயில் தெளிவாக வந்த நீர் கலங்கிவிட்டது. அன்று இரவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இணைப்பில் கசிவு, பக்கத்தில் சீழ். ஸ்கேன் பார்த்துக்கொண்டே இன்னொரு குழாய் செருகி அதை வெளியேற்றினார்கள். ஆன்டிபயாடிக் ஊசி பன்னிரண்டு நாள். குழாயில் தினம் எத்தனை மில்லி வந்தது என்று என் மனைவி நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தாள். வாத்தியார் வீட்டு வழக்கம் எங்கே போகும்!

வயிற்றை மறுபடி திறக்க வேண்டியிருக்கவில்லை. காரணம், நான் வேண்டாம் என்று மன்றாடிய பை. சிறுகுடலை வயிற்றின் மேல் தற்காலிகமாக வெளியே எடுத்து வைத்ததால் மலம் இணைப்பு வரை போகவே இல்லை. "பை இருந்தா கசியவே கசியாதுன்னு சொல்ல மாட்டேன் சார். கசிஞ்சா உயிருக்கு ஆபத்து குறையும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

என் மைத்துனர், "ஒழுங்கா தைச்சிருந்தா ஏன் கசியுது?" என்று சண்டைக்குக் கிளம்பினார். இவ்வளவு கீழே இணைக்கும்போது நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு இது வரத்தான் செய்கிறது, கைதேர்ந்தவர்கள் செய்தாலும். ஏன் வந்தது என்று கேட்பதைவிட, வந்ததை எத்தனை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம் என்பேன். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பையோடு வாழப் பழகிவிட்டேன். நீராகப் போவதால் உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீர் குடித்தால் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். தொற்றினால் கீமோ தள்ளிப்போனதுதான் இப்போதைய கவலை. அடுத்த வாரம் இணைப்பு கூடிவிட்டதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மற்றது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் கூச்சப்படாமல் என்னைக் கூப்பிடுங்கள். பை மாட்டுவது, கழுவுவது எல்லாம் என் மனைவி சொல்லித்தருவாள். மாலை நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை தூங்குவேன்.