அறுக்காவிட்டால்?

திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் கட்டிங் மாஸ்டரான நம் மைத்துனருக்குக் காதடியில் கட்டி. வலியில்லை, வளர்கிறது. "கத்தி பட்டால் பரவும்! 1968-இல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்ற அண்ணாவே 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தாரே!" என்றனர் உறவினர்.

அண்ணாவுக்கு வந்தது உணவுக் குழாய்ப் புற்றுநோய். இதுவோ உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டி; புற்றல்லவென்று ஊசிப் பரிசோதனை சொல்லிற்று. எனினும், முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடேதான் செல்கிறது. அது அறுந்தால் கண் மூடாது; வாய் கோணும்.

விட்டுவைத்தாலோ, இவ்வகைக் கட்டி பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாக மாறுவதும் உண்டு. அப்போது நரம்பைக் காப்பது இன்னும் அரிது.

"அறுத்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்கும் நாம், "அறுக்காவிட்டால்?" என்றும் டாக்டரைக் கேட்க வேண்டாமா? இரண்டையும் கேட்டபின் மைத்துனரே சம்மதித்தார். முகம் அவருடையது, முடிவும் அவருடையதே. திங்களன்று ஆஸ்பத்திரியில் சேர்கிறார். நமக்கும் பயம் இல்லாமலில்லை.